அத்தியாயம் 5: எதைச் செய்தால் ஜெயிக்கலாம்?

திரையில் ஓர் எலும்புக்கூடு எதிரே வருகிறது. அதன் மார்பில் 12 என்று எழுதியிருக்கிறது. ஆடும் குழந்தையிடம் சில அடிமுறைகள் உண்டு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு வகுக்கும் எண். 12ஐ மீதியில்லாமல் வகுக்கிற 2, 3 போன்ற எண்ணுக்கு உரிய அடியைக் கொடுத்தால் எலும்புக்கூடு சிதறி விழும். அவசரத்தில் 5ஐத் தேர்ந்தெடுத்தால் அடி பலிக்காது. இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய இந்த ஆட்டத்தின் பெயர் 'ஸாம்பி டிவிஷன்'. அவரும் ஷாரன் ஐன்ஸ்வொர்த்தும் இதை மூன்று விதமாகச் செய்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வகையில் வகுப்பதே சண்டை. இரண்டாம் வகையில் சண்டைக்கும் கணக்குக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு அதே கணக்குகள் வினாடிவினாவாக வரும். மூன்றாவதில் கணக்கே கிடையாது. 2011இல் வெளியான அந்த ஆய்வில், வகுத்தலைச் சண்டைக்குள் வைத்து ஆடியவர்களே மற்ற இரு பிரிவினரையும்விட அதிகம் கற்றிருந்தார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. கணக்கு உள்ளே கலந்திருந்த ஆட்டத்தில் அவர்கள் செலவிட்ட நேரம், கணக்கு வெளியே ஒட்டியிருந்த ஆட்டத்தில் செலவிட்டதைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

இந்த ஆய்வை அத்தியாயத்தின் முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களிலும் ஒரே படம், ஒரே எதிரிகள், ஒரே கணக்குகள். ஆனாலும் இரண்டும் ஒரே அளவில் கற்றுத்தரவில்லை. வேறுபாடு ஓரிடத்தில்தான்: ஒன்றில் கணக்கைப் போட்டால்தான் ஜெயிக்க முடியும், மற்றொன்றில் ஜெயித்த பிறகு கணக்கு வந்து வழி மறிக்கிறது. ஒரு வீடியோ கேம் எதைக் கற்றுத்தரும் என்பதை அதன்மேல் ஒட்டியிருக்கும் 'கல்விக்குரியது' என்ற முத்திரை தீர்மானிப்பதில்லை. அதில் எதைச் செய்தால் ஜெயிக்கலாமோ, அதைத்தான் அது கற்றுத்தருகிறது. கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை பூசுவதுபோலச் செய்யப்பட்ட கல்வி ஆட்டங்கள் சந்தையில் நிறைய உண்டு. அவற்றில் பிள்ளைகள் சர்க்கரையை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை; மாத்திரையை விழுங்காமலேயே ஜெயிக்கலாம் என்று ஆட்டமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் டியான் ஆடம்ஸ், ரிச்சர்ட் மேயர் உள்ளிட்ட ஐவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு கதை ஆட்டங்கள் தரப்பட்டன. ஒன்று தொற்றுநோயைத் துப்பறிவது. மற்றொன்று 'கேஷ் 17', இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பதுங்குகுழியில் காணாமல் போன ஓவியங்களைத் தேடுவது. பதுங்குகுழியின் கதவைத் திறக்க மின்கலம் ஒன்றைச் செய்தாக வேண்டும். மின்வேதியியல் பாடம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இன்னொரு பிரிவினருக்குக் கதை இல்லை, ஓட்டமில்லை; அதே பாடம் வெறும் ஸ்லைடுகளாகக் காட்டப்பட்டது. பின்னர் வைத்த தேர்வில் ஸ்லைடுகளைப் பார்த்தவர்களே நன்றாகச் செய்தார்கள். கதை சுவையாகத்தான் இருந்தது. ஆனால் ஆடுபவரின் கவனத்தில் பெரும்பகுதி வழி தேடுவதற்கும் பொருள்களைப் பொறுக்குவதற்கும் போய்விடுகிறது. மின்கலம் ஏன் வேலை செய்கிறது என்பதை நின்று யோசிக்க வேண்டிய கட்டாயம் அங்கே மிகக் குறைவு. ஸாம்பி டிவிஷனில் ஒவ்வொரு வினாடியும் நிகழ்ந்தது, இங்கே எப்போதாவது ஒருமுறைதான் நிகழ்ந்தது.

ஆகவே ஓர் ஆட்டத்தை வகுப்புக்குள் கொண்டுவருவதற்கு முன் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை அரை மணி நேரம் தானே ஆடிப் பார்ப்பது. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஆடும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை வெறும் வினைச்சொற்களாக எழுதுங்கள்: ஓடினேன், தேடினேன், சுட்டேன், காத்திருந்தேன், ஒப்பிட்டேன், வகுத்தேன், ஊகித்தேன், அளந்தேன், மறுபடி முயன்றேன். முடித்த பிறகு எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்து, நடத்தப் போகும் பாடத்துக்கும் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். தாவரங்களை வகைப்படுத்தும் பாடத்தின் வினை ஒப்பிடுவது. நிகழ்தகவின் வினை ஊகித்துச் சரிபார்ப்பது. இலக்கணத்தில் பெரும்பாலும் பொருத்துவதும் மாற்றுவதும். இரண்டு பட்டியலிலும் ஒரே சொல் முன்னால் நின்றால் அந்த ஆட்டத்தை நம்பி எடுக்கலாம். ஆட்டத்தின் பட்டியலில் 'ஓடினேன்' இருபது முறையும் பாடத்தின் வினை இரண்டே முறையும் வந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மதிப்புரைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லும். ஆட்டத்தை வாங்கச் சொல்லி வருபவர்கள் படத்தின் தரத்தைப் பற்றியும் பரிசுகளைப் பற்றியும் பேசுவார்கள். பிள்ளை உள்ளே போய் என்ன செய்யும் என்பதைச் சொல்லவே மாட்டார்கள்.

மொத்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்பது நியாயம். நெதர்லாந்தின் பீட்டர் வௌட்டர்ஸ் குழு 2013இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான கற்பித்தலைவிட ஆட்டவழிக் கற்றல் ஓரளவு மேம்பட்டே இருந்தது. விளைவின் அளவு 0.29. சராசரி மாணவர் ஒருவர் நூறு பேரில் 50ஆம் இடத்தில் இருந்தால், ஏறக்குறைய 61 பேரை முந்தும் இடத்துக்கு நகர்ந்தார் என்று இதற்குப் பொருள். 2016இல் டக்ளஸ் கிளார்க் குழு செய்த இன்னொரு தொகுப்பு 0.33 என்ற அளவைத் தந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதிசயம் ஒன்றுமில்லை. வௌட்டர்ஸ் தொகுப்பில் ஆசிரியர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டிய செய்திகள் வேறு. ஆட்டத்தோடு விளக்கமும் கலந்துரையாடலும் சேர்ந்தபோது, ஒருமுறையோடு விடாமல் பலமுறை ஆடியபோது, குழுவாக ஆடியபோது பயன் கூடியது. அதோடு, ஆட்டத்தால் மாணவரின் ஊக்கம் உறுதியாகக் கூடியது என்று சொல்ல அந்தத் தொகுப்பில் போதிய சான்று கிடைக்கவில்லை. 'பிள்ளைகள் ஆர்வமாகப் படிப்பார்கள்' என்பதுதான் இந்தத் துறையில் எல்லாரும் முதலில் சொல்வது. சான்று மெலிந்திருப்பதும் அங்கேதான்.

ஏன் அப்படி என்பதை யோசித்தால் புரியும். வீட்டில் ஒரு பிள்ளை ஆடும்போது எதை ஆடுவது, எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அதன் கையில். வகுப்பில் ஆட்டத்தை ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார், மணி அடித்ததும் நிறுத்தச் சொல்கிறார், முடிந்ததும் கேள்வி கேட்கிறார். பெயர் ஆட்டம் என்று இருந்தாலும் பிள்ளைக்கு அது பாடம்தான். கர்ட் ஸ்கொயர் அமெரிக்கப் பள்ளிகளில் 'சிவிலைசேஷன் 3' என்ற வரலாற்று வியூக ஆட்டத்தைக் கொண்டு உலக வரலாறு நடத்திப் பார்த்தபோது, ஏறக்குறைய கால்வாசி மாணவர்கள் அது கடினமாகவும் சலிப்பாகவும் இருக்கிறதென்று விலகி, புத்தகம் படிக்கும் குழுவுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு கால்வாசிப் பேர், குறிப்பாக வழக்கமான வகுப்பில் பின்தங்கியிருந்தவர்கள், அதில் ஊறித் திளைத்தார்கள். இரண்டு பிரிவினரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் வீடியோ கேம் பிடிக்கும் என்ற நினைப்போடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் முதல் கால்வாசியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். ஆட விரும்பாதவருக்கு அதே பாடத்துக்கு வேறொரு வழி தயாராக இருக்க வேண்டும், அதைத் தண்டனைபோலக் கொடுக்கவும் கூடாது.

ஆட்டத்தின் வினையும் பாடத்தின் வினையும் சரியாகப் பொருந்திவிட்டால் ஆசிரியரின் வேலை முடிந்துவிடுமா? முடியாது என்பதைக் காட்ட 'டிராகன்பாக்ஸ்' போல நல்ல உதாரணம் கிடைக்காது. 2012இல் நார்வேயிலிருந்து வந்த இயற்கணித ஆட்டம் அது. திரை இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். இரு பக்கமும் விசித்திர உயிர்களின் படம் போட்ட அட்டைகள். ஏதோ ஒரு பக்கத்தில் மினுங்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத் தனியாக்கிவிட்டால் ஜெயம். ஒவ்வோர் அட்டைக்கும் அதன் இருண்ட வடிவம் ஒன்று உண்டு. ஒன்றை மற்றொன்றின் மேல் இழுத்துப் போட்டால் இரண்டும் பச்சைச் சுழலாக மாறி மறையும். கீழே இருக்கும் அட்டை ஒன்றை ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கமும் சேர்த்தாக வேண்டும். சேர்க்கும்வரை ஆட்டம் நகராது. கட்டங்கள் போகப் போகப் படங்கள் எழுத்துகளாகவும் எண்களாகவும் மாறுகின்றன, பெட்டி எக்ஸ் ஆகிறது, கடைசியில் நடுவே சமக்குறி வந்து நிற்கிறது. நம் வகுப்பறைகளில் 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ஏன் மாறுகிறது என்று கேட்டால் பல பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. டிராகன்பாக்ஸின் ஆரம்பக் கட்டங்களில் பக்கம் மாறுவது என்ற ஒன்றே இல்லை. இரு பக்கமும் எதிரெண்ணைச் சேர், ஒரு பக்கத்தில் சுழலாகி மறையும், மறுபக்கத்தில் தங்கும். குறி மாறுவதன் காரணத்தைக் குழந்தை கையாலேயே செய்துவிடுகிறது.

இவ்வளவு கச்சிதமாக அமைந்த ஆட்டத்தை கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் யான்ஜின் லாங், வின்சென்ட் அலெவன் இருவரும் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு டிராகன்பாக்ஸ். மற்றவர்களுக்கு ஒவ்வொரு படியிலும் தவறைச் சுட்டித் திருத்தும் கணினிப் பயிற்சி மென்பொருள். டிராகன்பாக்ஸ் ஆடியவர்கள் அதிகப் புதிர்களை விடுவித்தார்கள், அதிகம் ரசித்தார்கள். ஆனால் வழக்கமான சமன்பாடுகளைக் கொடுத்து வைத்த தேர்வில் பயிற்சி மென்பொருளில் கற்றவர்களே முந்தினார்கள். அட்டைகளை மறையச் செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்தது கூட்டலும் கழித்தலும்தான் என்பது தேர்வில் கைகொடுக்கும் அளவுக்குப் பிடிபடவில்லை. வேறு முடிவும் உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020-21 கல்வியாண்டில் அமெரிக்க ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் பெரிய அளவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், டிராகன்பாக்ஸ் ஆடியவர்கள் இயற்கணிதத்தில் ஒப்பீட்டுப் பிரிவினரைவிட முன்னேறியிருந்தார்கள். அங்கே ஒப்பிடப்பட்டது, விடை சரியா தவறா என்பதை உடனுக்குடன் சொல்லாத கணினிப் பயிற்சிக் கணக்குகளோடு. ஆட்டம் மாறவில்லை, அதன் எதிரே நிறுத்தப்பட்ட கற்பித்தல்தான் மாறியது. எந்த ஆட்டத்தைப் பற்றியும் 'இது பயன்படுமா' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'இந்தப் பாடவேளையில் வேறு எதைச் செய்திருப்பேன், அதைவிட இது மேலா' என்று கேட்பதே ஆசிரியருக்கு உதவும். நோட்டை ஒவ்வொன்றாகத் திருத்தி, தவறிய இடத்தைக் காட்டித் தரும் ஆசிரியர் கிடைத்த வகுப்பில் ஆட்டம் சேர்ப்பது குறைவாக இருக்கலாம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில், யாருடைய தவறையும் உடனே பார்க்க இயலாத நிலையில், தவறினால் நகரவிடாத ஓர் ஆட்டம் பெரிய துணை.

திரையிலிருந்து தாளுக்கு வருவது தானாக நடக்காது, ஆசிரியர் நடத்த வேண்டும். அதற்கான வழி எளியது. ஒரு கட்டம் முடிந்ததும் எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லுங்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'ஆட்டத்தில் செய்தது', வலப்பக்கம் 'கணக்கில் அதன் பெயர்'. 'இருண்ட அட்டையைப் போட்டேன்' என்பதற்கு எதிரே 'எதிரெண்ணைக் கூட்டினேன்'. 'சுழல் மறைந்தது' என்பதற்கு எதிரே 'கூடுதல் பூச்சியம் ஆனது'. இடப்பக்கத்தைப் பிள்ளைகள் பேச்சுத் தமிழில், தங்கள் சொந்த வார்த்தையில் எழுதட்டும். அதில் இலக்கணம் திருத்த வேண்டாம். வலப்பக்கம் மட்டும் பாடநூல் சொல்லில் இருக்கட்டும். இரண்டு வரிக்கு மேல் தேவையில்லை. இந்த இடைநிறுத்தத்தைப் பிள்ளைகள் விரும்ப மாட்டார்கள், முணுமுணுப்பார்கள். அதற்காக இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடக் கூடாது; மணி அடிக்கும் அவசரத்தில் எழுதுவது எழுதாததற்குச் சமம்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் விடை ஒன்றே ஒன்றாக இருக்கும் பாடங்கள். வரலாறு, குடிமையியல், பொருளியல் போன்றவற்றில் 'எதைச் செய்தால் ஜெயிக்கலாம்' என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1989இல் வெளிவந்த 'சிம்சிட்டி'யில் ஆடுபவர் ஒரு நகரத்தைக் கட்டி நிர்வகிக்கிறார். அதை உருவாக்கிய வில் ரைட்டுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று, ஜே ஃபாரஸ்டர் 1969இல் எழுதிய நகர இயக்கவியல் நூல். வரி கூடினால் என்ன ஆகும், சாலைக்குப் பதில் ரயில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் ஆட்டத்துக்குள் விதிகள் இருக்கின்றன. அவை ஆடுபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஷெர்ரி டர்க்கிள் தன் ஆய்வில் பேசிய பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வரியைக் கூட்டினால் கலவரம் வரும் என்பதைச் சிம்சிட்டியில் கற்ற விதிகளில் ஒன்றாகச் சொன்னாள். வேறு விதிகள் எழுதப்பட்ட ஆட்டத்தில் வரி உயர்வு மக்களுக்கு நன்மையாகவும் முடியலாமே என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. அவள் ஆட்டத்தைச் சரியாகத்தான் கற்றிருந்தாள். ஆட்டம் யாரோ ஒருவர் எழுதியது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாதிரி ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் இந்த ஆபத்து பாடநூலிலும் உண்டு. ஆனால் பாடநூல் சொல்வதைப் பிள்ளை கேட்கிறது. ஆட்டத்தில் தானே செய்து, தானே விளைவைப் பார்த்துவிடுகிறது. கண்ணால் கண்டதை மறுப்பது கடினம்.

கல்விக்கான கணினி ஆட்டங்களில் மிக மூத்தவற்றில் ஒன்றான 'ஆரிகன் டிரெயில்' இதற்கு நல்ல பாடம். 1971இல் மினியாபொலிஸ் நகரில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிச், எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க மேற்குக் குடியேற்றத்தை நடத்துவதற்காக, அறைத் தோழர்களான பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் இருவரோடு சேர்ந்து இதை உருவாக்கினார். திரைகூட இல்லை, தொலைத்தட்டச்சுக் கருவியில் காகிதம் ஓடும், அதில் கேள்வி அச்சாகும், மாணவர் பதிலைத் தட்டுவார். மாட்டுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று கையிருப்பைப் பிரித்துச் செலவிட்டுக்கொண்டு மேற்கே போய்ச் சேர வேண்டும். சில ஆண்டுகள் கழித்து மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பில் சேர்ந்தபோது, ராவிச் அந்தப் பாதையில் உண்மையாகவே பயணம் செய்தவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் வண்டி முறிவும் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதை அவற்றின்படி திருத்தினார். ஆட்டத்தின் விதி சான்றிலிருந்து வர வேண்டும் என்ற அந்தக் கவலை, இன்று ஆட்டம் செய்யும் பலருக்கு இல்லை. இருந்தும் அந்த ஆட்டத்தில் ஜெயிப்பது என்றால் குடியேறிகள் போய்ச் சேர்வதுதான். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் வழியில் எதிர்ப்படுபவர்களாகவே இருந்தார்கள். 2019இல் எலிசபெத் லபென்சேயும் பழங்குடிப் படைப்பாளிகள் பலரும் சேர்ந்து 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதே மினசோட்டாவில், 1890களில் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அனிஷினாபே இனத்தவர் ஒருவராக ஆடுபவர் மேற்கே நடக்கிறார். அங்கே கணக்கு வைக்கப்படுவது தோட்டாவும் மைலும் மட்டுமல்ல. உடல், மனம், உணர்வு, ஆன்மா ஆகியவற்றின் நலன். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் ஆடும் வகுப்புக்கு, வரலாறு யாருடைய பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது என்பதைத் தனியாக விரிவுரை செய்ய வேண்டியிருக்காது. இந்த ஆட்டத்தில் எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணவில்லை என்று கேட்டால் போதும்.

இனி எதிர்ப்புகள். 'போர்ஷன் முடியாது' என்பது முதலாவது. மெய்யான சிரமம்தான். 45 நிமிடப் பாடவேளையில் கணினி அறைக்குப் போய் உட்காரவே பத்து நிமிடம் கரைகிறது. அதனால்தான் எல்லாப் பாடத்துக்கும் ஆட்டம் தேடக் கூடாது. தலைநகரங்களையும் ஆண்டுகளையும் மனத்தில் நிறுத்த ஆட்டம் வேண்டாம், வாய்விட்டுச் சொல்வதும் சின்ன எழுத்துத் தேர்வும் குறைந்த நேரத்தில் அதைச் செய்துவிடும். கரும்பலகையில் காட்ட முடியாத விளைவுகளுக்கு மட்டும் ஆட்டத்தை ஒதுக்குங்கள். சுற்றுப்பாதையில் முன்னால் போகும் விண்கலத்தைப் பிடிக்க எஞ்சினை முன்னோக்கி முடுக்கினால், நம் கலம் இன்னும் உயர்ந்த, சுற்றிவர அதிக நேரம் பிடிக்கும் பாதைக்குப் போய்ப் பின்தங்கிவிடும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் கெப்ளரின் மூன்றாம் விதியை எழுதிப் போட்டால் மாணவர் ஒப்புக்கொள்வார், ஆனால் நம்ப மாட்டார். மெக்சிகோவில் உருவான 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' ஆட்டத்தில் நாலு முறை கோட்டைவிட்ட பிறகு நம்புவார். எந்தப் பாடத்தில் மாணவரின் உள்ளுணர்வு தவறான பக்கம் இழுக்கிறதோ, அங்கே ஒரு பாடவேளையை ஆட்டத்துக்குக் கொடுப்பது பின்னால் மூன்று பாடவேளைகளை மிச்சப்படுத்தும்.

'இருக்கிற மொபைல் பழக்கம் போதாதா, பள்ளியும் பழக்க வேண்டுமா' என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தப் பயத்தைத் தள்ளிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஆட்ட அடிமைநிலையைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அந்த வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆடுவதன்மேல் கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஆசிரியர் முன்னிலையில் இருவர் இருவராக அமர்ந்து இருபது நிமிடம் ஆடுவது அதைச் சேர்ந்ததன்று. ஆனால் பெற்றோருக்கு இந்த விளக்கத்தோடு சில உறுதிகளும் தர வேண்டும்: வீட்டில் ஆட வேண்டிய வீட்டுப்பாடம் வராது, காசு கட்டச் சொல்லும், விளம்பரம் காட்டும், தினமும் வந்தால் பரிசு என்று இழுக்கும் எந்த ஆட்டமும் வகுப்புக்குள் வராது. இந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும். கழியட்டும். திரும்பத் திரும்ப வரவழைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஆட்டம் ஜெயிக்கக் கேட்பது, மறுபடி வருவதை மட்டும்தான்.

'எங்கள் பள்ளியில் கணினி போதாது' என்பதற்கு ஒரே ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் போதுமான பாடம் ஒன்றைக் கொண்டு பதில் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் உருவகப்படுத்தல்கள் இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், பல தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று ஏற்றப் பலகை. அதன் ஒரு பகுதி ஆட்டமாகவே அமைந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் திருப்புத்திறனுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். பலகையின் இரு முனையையும் இரண்டு தாங்கிகள் பிடித்திருக்கும். கல்லை எங்கே வைத்தாலும் பலகை அசையாது. தாங்கியை எடுத்தால்தான் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரியும். இந்தத் தாங்கிதான் பாடத்தின் உயிர். இடப்பக்கம் 1 மீட்டரில் 20 கிலோ, வலப்பக்கம் 2 மீட்டரில் 10 கிலோ என்று வைத்துவிட்டு, எடுக்காமல் நில்லுங்கள். ஒவ்வொருவரும் இடமா, வலமா, சமமா என்று நோட்டில் எழுதிப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரி எழுதிய பிறகே தாங்கி போக வேண்டும். கை தூக்கச் சொல்ல வேண்டாம். கை தூக்கினால் முதல் பெஞ்சைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள். எழுதியதை அழிக்கக் கூடாது என்பது மட்டும் விதி.

மூன்று நான்கு முறை இப்படிச் செய்ததும் பெரும்பாலோர் எடையை மட்டும் பார்ப்பதை விட்டுத் தூரத்தையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போது எடை தெரியாத மர்மப் பொருள் ஒன்றைப் பலகையில் வையுங்கள். அதுவும் அந்த உருவகப்படுத்தலிலேயே இருக்கிறது. அதன் எடையைக் கண்டுபிடிக்க எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று மாணவர் சொல்லட்டும், ஆசிரியர் கை மட்டும் மௌஸில் இருக்கட்டும். தவறாகச் சொன்னால் சொன்னபடியே வைத்துக் காட்டுங்கள், திருத்த வேண்டாம். பலகை சாய்வதே திருத்தம். பிறகு புரொஜெக்டரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஓர் அளவுகோலை உருளைப் பென்சில்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு ரூபாய் நாணயங்கள், எல்லாம் ஒரே மாதிரியானவை, பெஞ்சுக்கு மூன்று. நடுவிலிருந்து 5 செ.மீ.யில் இரண்டு நாணயம் வைத்தால் எதிர்ப்பக்கம் ஒரே நாணயத்தை எங்கே வைப்பது என்பதைத் தொடுவதற்கு முன் எழுத வேண்டும். அளவுகோல் உருளும், நாணயம் சறுக்கும், திரையில் நின்றதுபோல ஒரேயடியாக நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று பெஞ்சுக்குப் பெஞ்சு வாக்குவாதம் தொடங்கும்போது மணி அடித்தால், அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அடுத்த நாள்வரை அழிக்காமல் விட்டு வையுங்கள்.